கவெண்டர், மூட்லி, பிள்ளே: தென்னாப்பிரிக்கத் தமிழ்க் குடும்பப் பெயரைப் பிடித்து ஊரைத் தேடுவது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துப் பெயர்ப் பலகைகளில் நாயுடு, பிள்ளே, மூட்லி, கவெண்டர், படையாச்சி, செட்டி, ரெட்டி என்று வரிசையாக வரும். அங்குள்ள தென்னிந்திய வம்சாவளியினரிடம் மிகப் பரவலான குடும்பப் பெயர்கள் இவை. பார்த்ததும் நமக்குப் பாதி புரிந்துவிடும். அந்தப் பாதிப் புரிதல்தான் ஆபத்து. "எங்கள் குடும்பப் பெயர் கவெண்டர், எங்கள் ஊர் எது?" என்று அங்கிருந்து ஒருவர் கேட்டால், "கவுண்டர்தானே, கோயம்புத்தூர்ப் பக்கம்" என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம். பல நேரம் அது தப்பு. அந்தத் தப்பை நம்பி, மூன்று தலைமுறை ஆசையோடு விமானம் ஏறி வருகிறவர்கள் வேறு ஏதோ மாவட்டத்தில் அலைந்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

இந்த வேலையில் முதன்முதலாக இறங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் தூரத்து உறவினர் டர்பனிலிருந்து கேட்டிருக்கலாம். இல்லை, அந்தப் பெயரைச் சுமப்பவரே நீங்களாக இருக்கலாம். ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: குடும்பப் பெயர் உங்களை ஊருக்குக் கொண்டுபோகாது. கொண்டுபோவது, உங்கள் முன்னோருக்கு நட்டால் (டர்பன் அடங்கிய அன்றைய பிரிட்டிஷ் காலனி) அரசு கொடுத்த எண்.

கதை எங்கே தொடங்குகிறது

1860 நவம்பர் 16 அன்று, மதராஸிலிருந்து கிளம்பிய ட்ரூரோ என்ற கப்பல் 342 பேரோடு டர்பன் துறைமுகத்துக்கு வந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் ஆள் கொண்டுவந்த முதல் கப்பல் அது. 1866 முதல் 1874 வரை நடுவில் நின்றுபோனது தவிர, 1911 வரை கப்பல்கள் வந்துகொண்டே இருந்தன. மொத்தம் ஏறத்தாழ 1,52,000 பேர். அவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் மதராஸ் வழியாகப் போனவர்கள், மற்றவர்கள் கல்கத்தா வழியாக. ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பியவர்களும் நிறைய. தங்கியவர்களின் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரப்பிள்ளைகளும்தான் இன்றைய டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க் பகுதிகளின் தமிழர்கள்.

கப்பல் ஏறியபோது அவர்களில் பெரும்பாலோருக்கு இன்றைய பொருளில் குடும்பப் பெயர் கிடையாது. பட்டியலில் இருந்தது ஒரு பெயர், ஒரு தகப்பன் பெயர், அவ்வளவுதான். முனியன், த/பெ குப்பன். அடுத்த தலைமுறையில் பிள்ளை பிறந்ததைப் பதியவும், பள்ளியில் சேர்க்கவும், நிலம் வாங்கவும் போனபோது அதிகாரிகள் குடும்பப் பெயர் கேட்டார்கள். ஒருவர் சாதிப் பட்டத்தைச் சொன்னார். இன்னொருவர் அப்பா பெயரைச் சொன்னார். எழுதுகிறவர் காதில் எப்படி விழுந்ததோ அப்படி எழுதினார். அன்று எழுதியதே இன்றுவரை நிற்கிறது.

முதல் படி: பெயரைத் தமிழுக்குத் திருப்புங்கள்

கையில் இருக்கும் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ்க் காதால் வாசிக்க வேண்டும். சில பழக்கங்கள் திரும்பத் திரும்ப வரும், அவற்றைத் தெரிந்துகொண்டால் போதும்.

ஆங்கிலத்தில் இரண்டு 'ஓ' வந்தால் அது உகரம் அல்லது ஊகாரம். இப்படித்தான் முதலி 'மூட்லி' ஆனார், குப்பன் 'கூப்பன்' ஆனார், முனுசாமி 'மூன்சாமி' ஆனார், சுப்பிரமணி 'சூப்ரமனி' ஆனார். 'யு' எழுத்து வந்தால் அது பெரும்பாலும் அகரம்: ரங்கசாமியையும் லட்சுமணனையும் அந்த எழுத்தில்தான் எழுதினார்கள். கடைசியில் 'ஏ'யும் 'ஒய்'யும் சேர்ந்து வந்தால் ஐகாரம்: பிள்ளை 'பிள்ளே' ஆனது அப்படித்தான். ஆசாரி என்ற பெயருக்கு நடுவே ஒரு 'ஆர்' எழுத்து நுழைந்து 'ஆர்ச்சரி' போல நிற்கும். ஆங்கிலேயர் வாயில் அந்த எழுத்து ஒலிக்காது, ஆகாரத்தை நீட்டுவதற்கு மட்டுமே வந்தது. கிஸ்டன் என்று இருந்தால் கிருஷ்ணன். தேவருக்கும் பத்தருக்கும் நாலைந்து விதமான எழுத்துக்கூட்டல் பார்க்கலாம்.

ஒரே பெயருக்கு வரக்கூடிய எல்லா எழுத்துக்கூட்டலையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். பின்னால் பட்டியல்களில் தேடும்போது ஒவ்வொன்றையும் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கும். இந்தத் தாள் இல்லாமல் தேடுகிறவர்கள்தான் "எங்கள் ஆள் பட்டியலிலேயே இல்லை" என்று சீக்கிரம் கைவிட்டுவிடுகிறார்கள்.

இரண்டாம் படி: அது பட்டமா, தாத்தா பெயரா?

இதில் தெளிவு வந்தால் பாதி வேலை முடிந்தது.

முனுசாமி, பெருமாள், ஆறுமுகம், வீராசாமி, மாரிமுத்து, சின்னசாமி, கோவிந்தசாமி என்றெல்லாம் குடும்பப் பெயர் இருந்தால் அது ஒரு மனிதரின் பெயர். அநேகமாகக் கப்பலில் வந்தவர் அல்லது அவருடைய தகப்பனார். இது பெரிய அதிர்ஷ்டம், ஏனென்றால் தேட வேண்டிய ஆளின் பெயரே கையில் இருக்கிறது. ஆசாரி, பத்தர், பண்டாரம் போன்றவை தொழிலையோ கோயில் பணியையோ சொல்பவை.

மற்றவை பட்டங்கள். முதலி என்றால் முதல்வர், தலைவர். பிள்ளை என்பது அரச குடும்பத்துக்கும் கணக்கு வேலைக்கும் நெருக்கமானவர்கள் சூடிய மரியாதைப் பெயர். படையாட்சியில் படை இருக்கிறது. நாயுடு, நாயக்கர் இரண்டும் நாயகன் என்ற ஒரே வேரிலிருந்து வந்தவை. இவற்றை இங்கே நாம் ஒரு சாதிக்கு ஒரு பட்டம் என்று நினைக்கிறோம். அப்படி இல்லவே இல்லை. பிள்ளைப் பட்டம் வேளாளருக்கும் உண்டு, இசை வேளாளருக்கும் உண்டு. முதலியார் பட்டம் தொண்டைமண்டல வேளாளருக்கும் உண்டு, செங்குந்தருக்கும் உண்டு, ஆற்காட்டுப் பக்கத்து அகமுடையாருக்கும் உண்டு.

கவெண்டர் விஷயத்துக்கு வருவோம், அதிகம் குழப்புவது இதுதான். கவுண்டர் என்ற நம் பட்டத்தின் நட்டால் வடிவம் இது. கவுண்டன் என்ற எழுத்துக்கூட்டலோடும் அங்கே குடும்பங்கள் இருக்கின்றன. பழைய கல்வெட்டுகளில் காமிண்டன், காமுண்டன் என்று ஊர்த்தலைவரைக் குறித்த சொல்லோடும், கன்னடத்துக் கவுடாவோடும் உறவுடைய பட்டம். கொங்கு வேளாளர் மட்டும் இதை வைத்துக்கொள்ளவில்லை. வேட்டுவக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஒக்கலிகக் கவுண்டர் எல்லாம் இருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, சேலம், தர்மபுரி, ஆற்காட்டுப் பகுதிகளில் வன்னியர்களும் கவுண்டர் என்றே அழைக்கப்படுகிறார்கள். நட்டாலுக்கு ஆட்கள் மிகுதியாகப் போனது வட ஆற்காட்டிலிருந்து. தென் ஆற்காடு, செங்கல்பட்டு, சேலம், தஞ்சாவூர், திருச்சி மாவட்டங்களிலிருந்தும் போனார்கள். ஆகவே டர்பனில் ஒரு கவெண்டரின் முன்னோர் போளூரிலோ வந்தவாசியிலோ பிறந்திருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

இன்னொரு பக்கமும் பாருங்கள். வன்னியர்களுக்குப் படையாட்சி, கவுண்டர், நாயக்கர் என்று ஊருக்கு ஊர் வேறு பட்டம். அதனால் டர்பனில் ஒரு படையாச்சியும் ஒரு கவெண்டரும் ஒரு நாயக்கரும் ஒரே தாலுகாவிலிருந்து போன பங்காளிகளாகக்கூட இருக்கலாம். இரண்டு கவெண்டர்களுக்குள் எந்தத் தொடர்பும் இல்லாமலும் இருக்கலாம். உடன்பிறந்த இரண்டு பேர், ஒருவர் பட்டத்தைச் சொல்லி மற்றவர் அப்பா பெயரைச் சொல்லி, வேறு வேறு குடும்பப் பெயரோடு பிரிந்ததும் நடந்திருக்கிறது. ஆகவே குடும்பப் பெயர் ஒத்துவரவில்லை என்பதற்காக ஒரு ஆவணத்தைத் தள்ளிவிடாதீர்கள்.

நாயுடு என்றால் வீட்டு மொழியைக் கேளுங்கள். பாட்டியை அவ்வா என்று கூப்பிட்ட வீடா? அப்படியானால் தெலுங்குக் குடும்பம் என்று எடுத்துக்கொண்டு தேடலாம். அதற்காக ஊர் ஆந்திராவில்தான் என்று முடிவு செய்துவிடக் கூடாது.

இந்தப் பட்டங்கள் அங்கே இவ்வளவு பரவலாக இருப்பது நம் ஊர்க்காரர்கள் சிலருக்கு உறுத்துகிறது. இங்கே 1929ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தைத் துறந்தார்கள், அதன் பிறகு தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் பட்டம் போடுவது அருகிப்போனது. அதற்குள் நட்டாலில் பட்டம் சட்டப்படியான குடும்பப் பெயராகப் பதிந்துவிட்டது. அப்பாவின் பெயரை இனிஷியலாகப் போட்டு ஒவ்வொரு தலைமுறையும் மாறுவது இங்கே வழக்கம். அங்கே ஒரு பட்டம் எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படியே இறங்கியது, சில பட்டங்களே பல்லாயிரம் பேருக்குப் பெயராயின. நிறவெறிக்கு எதிராகச் சிறை சென்ற மான்ட்டி நாயக்கரையும் தொழிற்சங்கத் தலைவர் ஜே நாயுடுவையும் பெயரை வைத்துச் சாதி பார்ப்பவர்களாக நினைப்பது அநியாயம். அவர்களுக்கு அது குடும்பத்தின் பெயர், அவ்வளவே.

மூன்றாம் படி: வீட்டுக் காகிதங்களிலிருந்து எண்ணைக் கண்டுபிடியுங்கள்

ஒப்பந்தத்தில் வந்த ஒவ்வொருவருக்கும், குழந்தை உட்பட, ஒரு எண் கொடுத்தார்கள். காலனி எண் என்று பொதுவாகச் சொல்வார்கள். ட்ரூரோ கப்பலில் ஒன்றில் தொடங்கி, கடைசியில் ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது.

இது எங்கே கிடைக்கும்? பழைய திருமணச் சான்று, பிறப்புச் சான்று, ஒப்பந்தம் முடிந்ததற்கான விடுவிப்புச் சான்று ஆகியவற்றில். நட்டாலில் பிறந்த பிள்ளைகளின் பதிவில் அப்பா அம்மாவின் எண்ணை எழுதும் வழக்கம் இருந்தது, அதனால் தாத்தாவின் காகிதம் இல்லாவிட்டால் அவருடைய மூத்த பிள்ளையின் காகிதத்தைப் பாருங்கள். பெட்டியடியில், பூஜை அறையில், பழைய போட்டோ சட்டத்துக்குப் பின்னால் என்று எல்லா இடத்திலும் தேடச் சொல்லுங்கள்.

ஒன்றும் கிடைக்கவில்லையா? அடுத்து இறப்பு ஆவணங்கள். தென்னாப்பிரிக்காவில் ஒருவர் இறந்தால் சொத்து தொடர்பாக ஒரு இறப்பு அறிவிப்புப் படிவம் நிரப்புவார்கள். அதில் இறந்தவரின் பெற்றோர் பெயர், பிறந்த இடம், பிள்ளைகளின் பெயர்கள் எல்லாம் கேட்கப்பட்டிருக்கும். நட்டாலின் தலைநகரான பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் பழைய சொத்துக் கோப்புகள் ஃபேமிலிசர்ச் என்ற இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கக் கிடைக்கின்றன. ஒப்பந்தத் தொழிலாளர்களைக் கவனிக்க நியமிக்கப்பட்ட பாதுகாவலர் அலுவலகத்தின் கோப்புகள் அரசு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. புகார் மனு, திருமணப் பதிவு, தோட்டம் மாறியது என்று பல விஷயம் அங்கே எண்ணோடு கிடக்கும்.

திருமணப் பதிவு இல்லை என்றால் மனம் தளர வேண்டாம். 1913ல் வந்த ஒரு நீதிமன்றத் தீர்ப்பு, கிறிஸ்தவ முறைப்படி நடக்காத திருமணங்கள் செல்லாது என்றது. அதை எதிர்த்த போராட்டத்தில்தான் தில்லையாடி வள்ளியம்மை சிறை சென்று, 1914 பிப்ரவரியில் 16 வயதில் இறந்தார். அந்த ஆண்டே சட்டம் திருத்தப்பட்டது. அந்தக் காலத்துத் தம்பதிகள் பலர் தாலி கட்டிப் பல வருடம் கழித்துப் பதிவு செய்திருக்கிறார்கள், ஆகவே பதிவுத் தேதியையும் பிள்ளைகளின் வயதையும் ஒப்பிட்டுத் தவறான முடிவுக்கு வராதீர்கள்.

நான்காம் படி: கப்பல் பட்டியல்

எண் கையில் வந்ததும் டர்பனில் உள்ள குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையத்தை நாடுங்கள். கப்பல் பட்டியல்களைக் கணினியில் ஏற்றித் தேடும் வசதி செய்திருக்கிறார்கள். எண்ணுக்கு நேரே பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம், உடலில் உள்ள அடையாளம் ஆகியவை இருக்கும். அந்தத் தழும்பு, மச்சக் குறிப்பைப் படிக்கும்போது மனம் கனத்துவிடும்.

முன்னும் பின்னும் இருக்கும் எண்களையும் கட்டாயம் பாருங்கள். கணவன், மனைவி, பிள்ளைகள், ஒரே ஊர்க்காரர்கள் பெரும்பாலும் அடுத்தடுத்த எண்களில் வருவார்கள். கிராமத்தின் பெயர் ஒருவர் வரிசையில் சிதைந்திருந்தால் அடுத்தவர் வரிசையில் சரியாக இருக்கும்.

எண்ணே கிடைக்காதவர்கள் பெயர், தகப்பன் பெயர், ஏறத்தாழ வயது மூன்றையும் சேர்த்துத் தேடலாம். முனியன், குப்பன், மாரி போன்ற பெயர்கள் நூற்றுக்கணக்கில் வரும் என்பதால் தகப்பன் பெயர் இல்லாமல் இதில் இறங்காதீர்கள்.

பெண்களின் வழியையும் விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு பெண்ணுக்கும் தனி எண் உண்டு, தகப்பன் பெயரும் ஊரும் தனியாக உண்டு. கணவனின் வரிசையில் ஒன்றும் புரியாதபோது மனைவியின் வரிசை வழிகாட்டியிருக்கிறது. திருமணத்தில் குடும்பப் பெயர் மாறுவதையும் கணக்கில் எடுங்கள்: 2008 முதல் 2014 வரை ஐ.நா.வின் மனித உரிமை ஆணையராக இருந்த நவநீதம் பிள்ளைக்கே அந்தப் பெயர் கணவர் வழியில் வந்தது.

சாதி என்ற பகுதியைப் பற்றி ஒரு வார்த்தை. அதை எழுதியது ஆள்பிடிக்கும் முகவரும், கப்பல் ஏறும் முன் ஆட்களைத் தங்கவைத்த கிடங்கின் எழுத்தரும். வேலைக்கு எடுக்கமாட்டார்களோ என்று மாற்றிச் சொன்னவர்கள் இருக்கிறார்கள். புதிய மண்ணில் பழைய இழிவு தொடர வேண்டாம் என்று வேறு பட்டம் சூடிக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். அப்படிச் சூடிக்கொண்டது முழுக்க நியாயம் என்றே நான் நினைக்கிறேன். பட்டியலில் ஒன்றும் குடும்பப் பெயரில் ஒன்றும் இருந்தால், "நீங்கள் உண்மையில் இன்னார்" என்று தீர்ப்புச் சொல்கிற உரிமை நமக்கு இல்லை. இருப்பதை அப்படியே காட்டுங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: பழைய மாவட்டத்தை இன்றைய வரைபடத்தில் வையுங்கள்

பட்டியலில் 'வட ஆற்காடு' என்று இருந்தால் அது இன்று ஒரு மாவட்டம் அல்ல. 1911 வரை சித்தூர்ப் பகுதி அதற்குள்தான் இருந்தது. திருத்தணியும் அப்போது பிரிந்து சித்தூரோடு போய், 1960ல்தான் சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. திருப்பத்தூர் தாலுகா 1911 வரை சேலத்தில் இருந்தது, திருவண்ணாமலை தென் ஆற்காட்டில் இருந்தது. 1989ல் திருவண்ணாமலை தனி மாவட்டமானது. 2019ல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. தென் ஆற்காடு 1993ல் கடலூர், விழுப்புரம் என்று உடைந்தது, அப்புறம் கள்ளக்குறிச்சி தனியானது. முன்னோர் கப்பல் ஏறிய ஆண்டில் எல்லை எப்படி இருந்தது என்று பார்த்துவிட்டுத்தான் தாலுகாவைத் தேட வேண்டும்.

ஊர்ப் பெயர்களையும் அதே தமிழ்க் காதால் வாசியுங்கள். வாண்டிவாஷ் என்றால் வந்தவாசி, ட்ரினாமலி என்றால் திருவண்ணாமலை, காஞ்சிவரம் என்றால் காஞ்சிபுரம், செல்லம்ப்ரம் என்றால் சிதம்பரம். கிராமங்களுக்கு 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஊர்ப் பட்டியலை எடுத்துத் தாலுகா வாரியாக ஒப்பிடலாம். புதூர், நல்லூர், பாளையம் என்று முடியும் பெயர்கள் ஒரே தாலுகாவில் இரண்டு மூன்று இருக்கும். எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: குலதெய்வத்தைக் கேளுங்கள்

இரண்டு மூன்று ஊர்களில் எது என்று முடிவு செய்யக் காகிதம் உதவாதபோது சாமி உதவும். டர்பன் வீடுகளில் மொழி போனாலும் சாமி கும்பிடுவது போகவில்லை. ஆடி மாதம் கூழ் ஊற்றுவதும், தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதும், ஈஸ்டர் விடுமுறையில் இசிபிங்கோ மாரியம்மன் கோயிலுக்குத் திரளாகப் போவதும் இன்றும் நடக்கின்றன. ஆனால் இவை பொதுவானவை. அந்தக் குடும்பத்துக்கு மட்டும் உரியது எது என்று கேளுங்கள்: வீட்டுக்குள் யாருக்குப் படையல், என்ன பலி, எந்த மாதம், யார் பெயரைச் சொல்லி முடி இறக்குகிறார்கள்?

கெங்கையம்மன் என்றால் வேலூர், குடியாத்தம், சித்தூர்ப் பக்கம் பாருங்கள். குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் நடக்கும் சிரசுத் திருவிழா அந்த வட்டாரம் முழுவதையும் இழுக்கும். திரௌபதியம்மனுக்குத் தீ மிதிக்கும் குடும்பம் என்றால் ஆற்காட்டு மாவட்டங்களும் செங்கல்பட்டும் முதலில். இது உறுதியான சாட்சி இல்லை, பட்டியலில் உள்ள ஊரோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கத்தான்.

பட்டியலிலேயே இல்லாதவர்கள்

எல்லாரும் ஒப்பந்தத்தில் போகவில்லை. சொந்தக் காசில் டிக்கெட் எடுத்துப் போன வியாபாரிகள், ஆசிரியர்கள் கப்பல் பட்டியலில் வரமாட்டார்கள். மொரீஷியஸ் வழியாக வந்தவர்களும் உண்டு. காந்தியின் போராட்டத்தில் முன்னணியில் நின்ற தம்பி நாயுடு மொரீஷியஸில் பிறந்தவர். குடும்பத்தில் மொரீஷியஸ் என்ற பேச்சு இருந்தால், அங்கே மோகாவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் குடியேற்றப் பதிவேடுகள் இருக்கின்றன, அங்கே எழுதிக் கேளுங்கள்.

ஊருக்குப் போகும் முன்

வருகிறவர்கள் வருவதற்கு முன்பே நீங்கள் ஒருமுறை போய்வருவது நல்லது. கிராம நிர்வாக அலுவலரைப் பாருங்கள், கோயில் பூசாரியையும் ஊரில் வயதான இரண்டு பேரையும் பாருங்கள். கப்பல் பட்டியலின் அந்த வரியை அச்செடுத்து, பெயர்களைத் தமிழில் எழுதிக் கையோடு கொண்டுபோங்கள். நூறு வருடத்துக்கு மேல் ஆனதால் ஆளை யாருக்கும் நினைவிருக்காது, ஆனால் "இந்தப் பெயர் வழி வழியாக வைக்கிற குடும்பம் எது?" என்று கேட்டால் பதில் வரும். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் அதற்கு உதவுகிறது.

வெளிநாட்டிலிருந்து பங்காளி வருகிறார் என்றாலே நிலத்தில் பங்கு கேட்க வருகிறாரோ என்று ஊரில் பயம் வரும். பட்டா, சிட்டா பற்றி வாயே திறக்காதீர்கள். சாமி கும்பிட்டுவிட்டு ஊரைப் பார்த்துவிட்டுப் போகத்தான் வருகிறார்கள் என்பதை முதல் பேச்சிலேயே, நாலு பேர் முன்னால், தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.